குறை கூறி விற்றல்

விழா மலரொன்றில் வாழ்த்தும் வரலாறும் நிறைந்திருத்தல் மரபு. கல்லூரித் தாயின் பெருமையைப் பழைய மாணவர் எடுத்தோதும் இம்மலரிலே, தமிழாசிரியன் ஒருவன் பழைய மோட்டார்க் காரை விற்பது பற்றி எழுதப் புகுந்தால், 'இவருக்கு இஃது ஏன்?' என்று அன்பர் சிலர் புன்முறுவல் பூத்தல் கூடும். இயந்திர நுட்பங் கற்பிக்க நான் வரவில்லை. அத்துறையில் வல்லார் பலர் பழைய மாணவருள் உளர். விற்பவன் வாயிலிருந்து வரும் சொல்லைப் பற்றியே இங்கு எழுதுகின்றேன். சொல் எங்கு வழுவினும் அதனைச் சுட்டுதல் தமிழாசிரியன் கடன் அன்றோ?

என் கருத்தை முதலிலேயே உரைத்துவிடுகின்றேன். நெடுநாட் பாவித்த கார் ஒன்றை விற்பவன், பிறர் கேளாமலே அதன் குறைகளைக் கூறி விற்றல் வேண்டும். அவ்வாறே, அதன் உண்மை மதிப்பை அறிந்த ஒருவன், அறியாதார் கையிலிருந்து அதனை இரும்பு விலைக்குப் பறித்தலும் ஆகாது. இவ்விரண்டும் ஒரே அறத்தின் இரு பக்கங்கள்.

இலங்கையிற் கார் என்பது சில ஆண்டு ஓட்டிக் கழித்துவிடும் பொருளன்று. 1960-களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் மோட்டார் வண்டி இறக்குமதி மிக இறுக்கமாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977-இற் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரை, இருந்த கார்களையே திருத்தித் திருத்தி ஓட்டும் நிலைமை நிலவியது. மொறிஸ் மைனர், ஒஸ்ரின், பீஜோ, வோக்ஸ்வாகன் முதலியன தந்தையிடமிருந்து மகனுக்கு முதுசொம் போல வந்தமை அதனாலேயே. பின்னர் 2020 மார்ச்சு மாதத்தில் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு வழி திறந்தது 2025 பெப்ரவரியிலேதான். இடைப்பட்ட ஐந்தாண்டுகளிற் பழைய வண்டிகளின் விலை ஏறிய ஏற்றத்தை யாவரும் அறிவர். ஆதலின் ஒரு வீட்டின் முன்றிலில் நிற்கும் பழைய கார் அவ்வீட்டாரின் சேமிப்பாகவும், இடருற்ற காலத்தில் உதவும் நகையாகவும் ஆகிவிட்டது.

விலை ஏறுமிடத்துப் பொய்யும் ஏறுகின்றது. பத்திரிகைகளில் வரும் விற்பனை அறிவித்தல்களை வாசித்துப் பாருங்கள். 'மிகச் சிறந்த நிலை', 'ஒரே உரிமையாளர்', 'மருத்துவர் பாவித்தது' என்பன போன்ற தொடர்கள் நிறைந்திருக்கும். மருத்துவர் பாவித்த கார் நோயற்றிருக்கும் என்பது எந்த நூலின் விதியோ அறியேன். பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்திலே நூலுக்குரிய பத்து அழகைக் கூறுமுன், பத்துக் குற்றத்தையும் எண்ணிக் கூறுகின்றார். அழகும் குற்றமும் சேர்ந்து கூறப்பட்டாலன்றி ஒரு பொருளின் இயல்பு விளங்காது. நம் அறிவித்தல்களிலோ பத்து அழகுகளும் உள. ஒரு குற்றமேனும் இல்லை.

இனி, நான் அறிந்த கார் ஒன்றைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். ஜேர்மனியின் வோக்ஸ்வாகன் நிறுவனத்தார் 1955-இல் 'கார்மன் கியா' என்ற காரை வெளியிட்டனர். இரு கதவும் தாழ்ந்த கூரையும் உடைய இவ்வகைக் காரை ஐரோப்பியர் 'கூப்பே' என்பர். இதன் வடிவத்தை வகுத்தோர் இத்தாலியின் தூரின் நகரைச் சேர்ந்த கியா நிறுவனத்தார்; உடலை அமைத்தோர் ஜேர்மனியின் ஒஸ்னாபுரூக் நகரைச் சேர்ந்த கார்மன் நிறுவனத்தார். 1974 வரையில் நான்கு இலட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகள் செய்யப்பட்டன. பந்தயக் கார் போன்ற தோற்றம். உள்ளே இருப்பதோ, 'வண்டு' என்று உலகம் செல்லமாய் அழைத்த சாதாரண வோக்ஸ்வாகனின் காற்றாற் குளிரும் எஞ்சின். 1962-ஆம் ஆண்டு வண்டிக்கு 34 குதிரைவலுவே உண்டு. வெளியழகைக் கண்டு வேகத்தை எதிர்பார்ப்பவன் ஏமாறுவான்.

வியப்பு யாதெனில், இவ்வேமாற்றத்தை முதலில் எடுத்துச் சொன்னவர்கள் விற்றவர்களே. 1960-களில் ஐக்கிய அமெரிக்காவில் இதற்கென எடுக்கப்பட்ட தொலைக்காட்சி விளம்பரம் ஒன்றில், விரித்துக் கட்டிய காகிதத் திரையைக் கிழித்துக்கொண்டு பாய முயலும் இக்கார், அதனைக் கிழிக்க இயலாமற் பின்வாங்கும். அதே நிறுவனத்தார் 1960-இல் வெளியிட்ட மற்றொரு விளம்பரத்தில் வண்டுக் காரின் படமும், அதன்கீழ் 'எலுமிச்சை' என்ற ஒரு சொல்லும் இருந்தன. பழுதான காரை அமெரிக்கர் அவ்வாறு இகழ்வர். உள்ளேயிருந்த சிறு பெட்டியின் மினுக்குத் தகட்டில் ஒரு வடு இருந்தமையால் அக்கார் தொழிற்சாலையிலேயே மறுக்கப்பட்டது என்பது விளம்பரத்தின் செய்தி. விளம்பரக்காரர் பொருள் ஈட்டவே இதனைச் செய்தனர். அவர்களை அறவோர் என்று நான் புகழவில்லை. ஆயினும், குறையைச் சொன்னவன் சொல்லும் நிறையை மக்கள் நம்புவர் என்பதை அவர்கள் நன்கு உணர்ந்திருந்தனர்.

இத்தகைய கார்மன் கியா ஒன்று என் மாமனாரிடம் இருந்தது. அவர் மலைநாட்டுத் தோட்டமொன்றில் டீமேக்கராகப் பணி புரிந்தவர். 1975-இல் தோட்டங்கள் அரசுடைமையான காலத்தில், தாயகம் திரும்பிய துரை ஒருவரிடமிருந்து தவணை முறையில் அதனை வாங்கினார். 1962-ஆம் ஆண்டு வண்டி. நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் அதனைப் பேணினார். அவர் மறைந்தபின், 2023-இல் மாமியாருக்கு இருதய சத்திரசிகிச்சை செய்ய வேண்டியதாயிற்று. கட்டுகஸ்தோட்டை வீட்டின் கொட்டிலில் நின்ற அக்காரைத் தவிர விற்பதற்கு வேறொன்றும் இல்லை.

முதலில் வந்த தரகர் காரைச் சுற்றிப் பார்த்து, 'இது இரும்புக் கடைக்கே உரியது' என்று கூறி, அதற்கேற்ற விலையொன்று சொன்னார். அடுத்த வாரம் வந்த மற்றொருவர், 'இது கிடைத்தற்கரிய பொருள். முன்பக்கத்திற்குப் புட்டி பூசிப் புதிதாய் வர்ணம் அடித்தால் பெருந்தொகை தேறும். பழையவற்றைக் கிளற வேண்டாம்' என்றார். விற்பவரிடம் நிறையை ஒளித்தார் ஒருவர். வாங்குபவரிடம் குறையை ஒளிக்கச் சொன்னார் மற்றவர். இருவர் தொழிலும் ஒன்றே.

அக்காரின் குறைகள் இவை: முன்மூக்கு ஒருமுறை மோதி டிங்கரிங் செய்யப்பட்டிருந்தது. இவ்வகைக் காரின் மூக்குப் பகுதி, பல தகடுகளை ஒட்டவைத்து, வெள்ளீயக் கலவை பூசி, கையால் அராவி ஒன்றாக்கப்பட்டது. மோதினாற் கழற்றி மாற்றத் தனித் தகடு கிடையாது. ஆதலின் புட்டிக்கு அடியில் என்ன இருக்கின்றது என்பதே இதனை வாங்குபவன் கேட்க வேண்டிய முதற் கேள்வி. துணி சுற்றிய சிறு காந்தமொன்றை வைத்தால் உருக்கில் ஒட்டும், புட்டியில் ஒட்டாது. பற்றரி வைக்கும் தட்டும் அடித்தளமும் துருவேறியிருந்தன. மழையும் பனியும் மாறி மாறி வரும் கண்டியில் இஃது எதிர்பார்க்கக்கூடியதே. எஞ்சினின் பின்புறக் கப்பியைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தால் 'டொக்' என்ற ஒலி கேட்டது. உள்ளே சுழலும் தண்டின் தாங்கிகள் தேய்ந்தமைக்கு அஃது அடையாளம். அவ்வெஞ்சினும் காருடன் வந்ததன்று. வண்டுக் கார் ஒன்றிலிருந்து மாற்றியது. பதிவுப் புத்தகத்தில் அது முறைப்படி குறிக்கப்பட்டிருந்தது. பெற்றோல் செல்லும் இறப்பர்க் குழாய் வெடித்திருந்தது. அவ்வெஞ்சினின் உடல் மக்னீசியக் கலப்பு உலோகத்தாலானது. பெற்றோல் கசிந்து தீப்பற்றினால் அவ்வுலோகமும் எரியும். எல்லாவற்றுக்கும் மேலாகப் பிறேக்குக் குழாய்கள் பழுதடைந்திருந்தன. அக்கால வண்டிகளில் நான்கு சக்கரங்களின் பிறேக்குக்கும் எண்ணெய் வழி ஒன்றே. ஓரிடத்திற் குழாய் வெடித்தால் நான்கும் கைவிடும்.

இவற்றையெல்லாம் சொல்லித்தான் விற்க வேண்டுமா என்று வீட்டிலே பேச்சு எழுந்தது. மருத்துவச் செலவு கண்முன் நின்றமையால் அப்பேச்சு எளிதாக முடியவில்லை. மாமியார்தான் முடித்துவைத்தார். "மாப்பிள்ளை, வாங்குறவரும் ஒரு வீட்டுப் பிள்ளைதானே? கடுகண்ணாவையில இறங்கும்போது பிறேக்கு பிடிக்காமப் போனா, அந்தக் காசுல வைத்தியம் பார்த்து நான் எத்தனை நாளைக்கு இருக்கணும்?" என்றார். குறைகள் அனைத்தையும் ஒரு தாளில் எழுதினோம். கொழும்பிலிருந்து வந்தவர் அதனை வாசித்துவிட்டுத் திரும்பிச் சென்றார். கம்பளையிலிருந்து வந்த இளைஞர் ஒருவர் தம் கராஜ்காரரை அழைத்துவந்து, தாளில் இருந்தவற்றை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, நாம் கேட்டதில் ஐந்தில் ஒரு பங்கு குறைத்து வாங்கினார். குறைந்த தொகைக்கு மாமியாரின் காப்புச் சோடி அடகுக்குச் சென்றது.

உண்மை பேசினால் இலாபம் வரும் என்று மாணவர்க்கு நான் கற்பிப்பதில்லை. சில வேளைகளில் வரும். பல வேளைகளில் நட்டமே வரும். இலாபம் தரும்போது மட்டும் பேசப்படுவது உண்மையாகுமே தவிர, அறமாகாது. திருவள்ளுவர் வாணிகர்க்குரிய நெறியைப் பொருட்பாலிலே வைக்கவில்லை; அறத்துப்பாலில் நடுவுநிலைமை அதிகாரத்தின் இறுதிக் குறளாக வைத்தார். பிறர் பொருளையும் தம்முடையதாக எண்ணிப் பேணுதலே நல்ல வாணிகம் என்பது அவர் கருத்து. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் புகழுமிடத்தும், வாங்கும்போதும் விற்கும்போதும் அவர் அளவு தவறாமையையே எடுத்துக்கூறுகின்றது. விற்கும் பக்கத்தை மட்டும் கூறி விட்டுவிடவில்லை என்பது நோக்கத்தக்கது.

'சட்டம் இவ்வாறு கேட்கவில்லையே' என்பார் உளர். உண்மைதான். நம் நாட்டின் 1896-ஆம் ஆண்டின் 11-ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம், ஆங்கிலேயரின் 1893-ஆம் ஆண்டுச் சட்டத்தை அடியொற்றியது. வாணிகத் தொழில் செய்யாத தனி மனிதர் ஒருவர் தம் பழைய பொருளை விற்கும்போது, அதன் தரத்துக்கு அவர் உத்தரவாதம் அளித்ததாக அச்சட்டம் பொதுவாகக் கொள்வதில்லை. பொய் சொல்லி ஏமாற்றினால் வழக்காகும்; வாய் திறவாதிருந்தாலோ பெரும்பாலும் தப்பிவிடலாம். 2003-ஆம் ஆண்டின் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டமும் வியாபாரிகளை நோக்கியதே. எனவே சட்டம் நின்றுவிடும் இடத்தில் மனிதனின் சொந்த நாணயம் தொடங்க வேண்டியிருக்கின்றது. சட்டம் தண்டியாது என்பதற்காக ஒரு செயல் நல்லதாகிவிடுமா?

'எல்லாரும் மறைக்கின்றனர், நான் மட்டும் சொல்லி நட்டப்படுவதா?' என்பது அடுத்த வாதம். இதற்கு விடை தந்தவர் ஐக்கிய அமெரிக்கப் பொருளியலறிஞர் ஜோர்ஜ் அக்கெர்லொவ். 1970-இல் அவர் எழுதிய 'எலுமிச்சைச் சந்தை' என்னும் கட்டுரை பழைய கார்ச் சந்தையை எடுத்துக்காட்டாகக் கொண்டது. நல்ல காரும் பழுதான காரும் வெளித்தோற்றத்தில் ஒன்றாயிருப்பின், வாங்குபவன் இரண்டுக்கும் இடைப்பட்ட விலையே கொடுக்கத் துணிவான். நல்ல காரை உடையவன் அவ்விலைக்கு உடன்படாது சந்தையை விட்டு விலகுவான். அவன் விலக, எஞ்சியவற்றின் தரம் தாழும். தரம் தாழ, விலை மேலும் தாழும். இறுதியிற் பழுதானவையே சந்தையில் மிஞ்சும். இத்துறை ஆராய்ச்சிக்காக 2001-இல் அவருக்கும் வேறு இருவருக்கும் பொருளியலுக்கான நொபெல் பரிசு வழங்கப்பட்டது. எல்லாரும் மறைக்கின்றார்கள் என்று தானும் மறைப்பவன், நல்ல பொருளுக்கு நல்ல விலை கிடைக்கும் வழியை எல்லார்க்கும் அடைக்கின்றான். நாளை அவனே வாங்கச் செல்லும்போது அடைபட்ட அவ்வழியில் அவனும் நிற்க வேண்டியவனே.

மற்றொரு கேள்வியும் நியாயமானது: அறுபது ஆண்டுக் காரில் எதைத்தான் சொல்வது? ஒவ்வொரு கீறலையும் எண்ண வேண்டுமா? வேண்டா என்பேன். மூன்று வகைக் குறைகளை மட்டும் மறைக்காது சொன்னாற் போதும். முதலாவது, உயிருக்கு இடர் செய்யக்கூடியன: பிறேக்கு, திசைதிருப்பி, ரயர், பெற்றோல் கசிவு. மலைப்பாதையில் வாழும் நமக்கு இவ்வகை மிக முக்கியம். இரண்டாவது, பெருஞ்செலவு வைப்பன: துரு, புட்டி, தேய்ந்த எஞ்சின். மூன்றாவது, பொருளின் உரிமையையும் அடையாளத்தையும் பற்றியன: மாற்றிய எஞ்சின், தீராத கடன், பிறர் பெயரிலேயே கிடக்கும் பதிவு.

கடைசியாகச் சொன்னது நம் நாட்டில் மலிந்துவிட்ட தீமை. விற்றவர் கையொப்பமிட்ட மாற்றுப் பத்திரத்தைப் பெயர் நிரப்பாமலே வைத்துக்கொண்டு, ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்குக் காரை மாற்றிச் செல்லும் வழக்கம் அது. 1951-ஆம் ஆண்டின் 14-ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டத்தின்படி உரிமை மாற்றம் முறையாக அறிவித்துப் பதியப்பட வேண்டியது. அவ்வாறு செய்யாவிடில், கார் யாரையேனும் மோதினாலோ குற்றச் செயலுக்குப் பயன்பட்டாலோ, பொலிசார் முதலிற் கதவைத் தட்டுவது பதிவிற் பெயருள்ளவரிடமே. எண்பது வயது முதியவர் ஒருவரிடம் அவ்வாறு வந்து விசாரித்ததை நான் அறிவேன். காரும் போய், நிம்மதியும் போதல் எவ்வளவு கொடுமை!

இனி, நாம் செய்யக்கூடியன யாவை? முதலாவது, பழைய கார் விற்கும் ஒவ்வொருவரும் 'குறைத்தாள்' ஒன்று எழுதுக. மேற்கூறிய மூன்று வகையும் அதில் இடம்பெறுக. இருவரும் கையொப்பமிட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்க. சொன்னதும் சொல்லாததும் பின்னர் விவாதமாகாமல் இது காக்கும். வாங்குபவர் தாம் விரும்பிய கராஜ்காரரைக் கொண்டு சோதிக்கவும் இடம் கொடுக்க வேண்டும்.

இரண்டாவது, பழைய மாணவர் சங்கத்தார் இதில் உதவலாம். நம்மிடையே கராஜ் நடத்துவோர், சட்டத்தரணிகள், வங்கி அலுவலர் எனப் பல துறையினரும் உளர். கணவரை இழந்த மூதாட்டியோ, கார் பற்றி ஒன்றும் அறியாத பிள்ளைகளோ பழைய வண்டியொன்றை விற்க நேருமாயின், அதனைப் பார்த்து நியாய விலை சொல்லவும், பத்திரங்களைச் சரிபார்க்கவும், தரகுப் பணம் பெறாத இரண்டொருவரை அனுப்புதல் சங்கத்துக்குப் பெருஞ் சிரமமன்று. 'இரும்புக் கடைக்கே உரியது' என்று கூறும் குரலுக்கு அறிந்தவர் ஒருவரின் சொல்லே மருந்து. விழாக்காலத்தில் மண்டபமும் மேடையும் எழுப்பும் நற்பணியோடு இதனையும் அவர்கள் மேற்கொள்வாராக.

மூன்றாவது, எம் போன்ற ஆசிரியர்க்குரியது. வருணனைக் கட்டுரை என்று நாம் பல்லாண்டாய்ப் பயிற்றுவது புகழ்ச்சியையே. 'என் ஊர்', 'நான் விரும்பும் பெரியார்' என்ற தலைப்புகளில் மாணவர் அடைமொழிகளை அடுக்கக் கற்கின்றனர். ஒரு பொருளை உள்ளவாறு கூறக் கற்பதில்லை. ஆதலின் கடந்த தவணையில் உயர்வகுப்பு மாணவர்க்கு, 'நெடுநாட் பாவித்த கார் ஒன்றை விற்பதற்கு அறிவித்தல் எழுதுக. அதன் மூன்று குறைகள் இடம்பெறல் வேண்டும்' என்று பயிற்சி கொடுத்தேன். ஒரு மாணவன் எழுந்து, "சேர், குறையை எழுதினா யார் வாங்குவாங்க?" என்று கேட்டான். குறை தெரிந்தே வாங்குகிறவர் வாங்குவார். அவர் மட்டுமே பின்னர் நம்மை ஏசமாட்டார் என்று விடை கூறினேன். வகுப்பு சிரித்தது, ஆயினும் எழுதிற்று. பிறேக்குக் குறையை முதல் வரியிலேயே எழுதியவன் கேள்வி கேட்ட அம்மாணவனே.

மாணவ மணிகளே, நீங்கள் கல்லூரி வாயிலைக் கடந்து சென்று பல தொழில் புரிவீர்கள். பலவற்றை வாங்குவீர்கள், பலவற்றை விற்பீர்கள். உங்கள் கைமாறிய பொருள் மலைப்பாதையில் இறங்கிச் செல்லும்போது, அதில் இருப்பவரை நினைத்து நீங்கள் அஞ்ச வேண்டாதிருத்தல் வேண்டும். அவ்வாறு வாழ உங்கள் கல்வி துணை செய்வதாக. கல்லூரி வாழ்க, அதன் பெயரைத் தம் வாய்மையாற் காக்கும் பழைய மாணவரும் வாழ்க.